நீர்யானை அட்டை

ஜூன் 3, செவ்வாய்

மகளின் காலில் மாவுக்கட்டு போட்டு இன்றோடு பதினெட்டு நாள். இன்னும் இருபத்து நான்கு நாள் என்கிறார் எலும்பு மருத்துவர். அதுவரை பள்ளி கிடையாது. காலையில் படுத்தபடியே ஒரு திட்டத்தை அறிவித்தாள்: அடுத்த வாரம் சனிக்கிழமை வீட்டில் 'விலங்குகள் நாள்'. பிள்ளைகள் வேஷம் போட்டு வருவார்கள். காலடித் தடம் வரைவார்கள். 'நான் யார்?' என்று குறிப்பு அட்டைகள் எழுதித் தருவது என் பொறுப்பு. பாடப்புத்தகங்களுக்குப் பிழைதிருத்தும் அப்பனுக்கு வேறென்ன வேலை கொடுக்க முடியும்?

யார் யார் வருவார்கள் என்று கேட்டேன். கீழ்வீட்டுப் பல் டாக்டரின் இரட்டையர். அப்புறம் வாலு.

வாலு எதிர்வீட்டுப் பெண். எதிர்வீடு என் மனைவியின் அண்ணன் வீடு. மனைவியின் அண்ணன் டயர் கடை வைத்திருக்கிறார். இதற்கு மேல் விவரித்தால் நாட்குறிப்பின் தரம் கெடும்.

ஜூன் 4

பதிவுக்காக எழுதி வைக்கிறேன். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே, படிக்கட்டு முடிகிற இடத்தில் பாதியை மச்சான் தன் செருப்பு அலமாரிக்கு ஒதுக்கிக்கொண்டார். நகர்த்தும்படி மூன்று முறை வாயால் சொன்னேன், ஒரு முறை கடிதம் எழுதினேன். அதன் ஓரம் தடுக்கித்தான் மகள் ஏழு படி உருண்டாள். அன்றைக்குப் போய்க் கேட்டபோது அவர் சொன்னது: "பிள்ளைக்குப் பார்த்து நடக்கச் சொல்லிக் கொடுக்கக் கூடாதா?"

அத்தோடு பேச்சு நின்றது. போக்குவரத்தும் நின்றது. வாலு இந்தப் பக்கம் வருவதில்லை. அவரும் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. மொத்தம் பத்தடி. செருப்பே தேவையில்லை, முப்பது ஜோடி இருந்தும்.

ஜூன் 6, வெள்ளி

வாலுவை விட்டுவிடலாமே என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அவ வரலைன்னா எதுவும் வேண்டாம்ப்பா. இரட்டையர் ரெண்டு பேரும் அவங்களுக்குள்ளேயேதான் பேசிப்பாங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவது புதுப் பழக்கம். அழுதால் சமாதானம் சொல்லலாம். சுவரைப் பார்க்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது?

உட்கார்ந்து ஓர் அழைப்பு எழுதினேன். 'மேற்படி சிறுமியை மேற்படி தேதியில் அனுப்பி வைப்பதில் தங்களுக்கு ஆட்சேபம் இருப்பின்...' மனைவி வாங்கிப் படித்தாள்.

"இது அழைப்பா, வக்கீல் நோட்டீஸா?"

கிழித்துப் போட்டுவிட்டு அவளே எதிர்வீட்டுக்குப் போனாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பினாள். வாலு வருகிறாளாம். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்வதற்கு வார்த்தைகள் கைவசம் இருக்க வேண்டுமே.

ஜூன் 8, ஞாயிறு

யானை, ஆந்தை, எறும்பு மூன்றும் அரை மணியில் முடிந்தன. நீர்யானைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. உழைப்பு வீண் போகவில்லை:

'உடம்பு பெரிது. பெரும்பகுதி நேரம் அசைய மாட்டேன். என் இடம் இது என்று காட்ட, என் கழிவை வாலால் நாலாபுறமும் வீசி வைப்பேன். குட்டி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். நான் யார்?'

கடைசிக் குறிப்புக்குப் புத்தகத்தில் ஆதாரம் தேடவில்லை. ஆதாரம் எதிர்வீட்டில் இருக்கிறது.

ஜூன் 10

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று சாப்பிடும்போது மகள் சொன்னாள். எங்கே படித்தாய் என்றால் சிரிக்கிறாள். தலையணைக்கு அடியில் தடிமனான படப் புத்தகம் ஒன்று. மனைவி வாங்கியிருப்பாள். நான் பதினோரு மணிக்கு அச்சகம் போய் இரண்டு மணிக்குத் திரும்பும்போது, சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்று தினமும் மகளின் கட்டிலருகே கிடக்கிறது. நான்தான் எடுத்து உள்ளே போடுகிறேன். மனைவிக்குத் தினமும் உட்கார்ந்து கதை வாசிக்கும் பொறுமை உண்டு என்பது கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத் தெரிகிறது.

ஜூன் 12

அலமாரி அதே இடத்தில். இன்று ஒரு ஜோடி கூடியிருக்கிறது.

ஜூன் 14, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இரட்டையர் பென்குயினாக வந்தார்கள். வாலு குரங்கு, டயர் ட்யூபை வெட்டி வால் வைத்திருந்தாள். மகள் நாரை. எப்படியும் ஒரு காலைத் தூக்கித்தான் வைத்திருக்கிறேன் என்றாள். இத்தனை நாளில் இன்றுதான் சத்தமாகச் சிரித்தாள்.

வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். எதிரே மச்சான் குனிந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். காது கேட்கும் தூரம். நீர்யானை அட்டையை வாலுவிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. கொடுக்கும்போது இல்லை.

கணீரென்று படித்தாள். கடைசிக் குறிப்பில் நின்றாள்.

"மாமா, இது நீர்யானைதானே? ஆனா இது தப்பு. குட்டிய விட்டு அது நகரவே நகராது. முதலை வந்தாலும் நகராது. என் புத்தகத்துல போட்டிருக்கு."

அச்சகத்தில் இத்தனை வருஷத்தில் எவரும் என்னிடம் தப்பு என்று சொன்னதில்லை. எந்தப் புத்தகம் என்று கேட்டேன். தலையணைக்கு அடியில் கையை விட்டு அதை எடுத்தாள்.

"இதான். அப்பா இவளுக்கு வாசிச்சுக் காட்டணும்னு என்கிட்டேருந்து வாங்கிட்டு வந்துட்டாரு. இன்னும் திருப்பித் தரல."

எதிரே பாலிஷ் பிரஷ் சத்தம் நின்றது. மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் மகளைப் பார்த்தேன்.

"மாமா தினமும் வருவாருப்பா. நீங்க அச்சகத்துக்குக் கிளம்பினதும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

நிறுத்தியிருப்பேன். சந்தேகமே இல்லை. திரும்பிப் பார்த்தேன், எதிர்க்கதவு சாத்தியிருந்தது. எறும்பு அட்டையை எடுத்து நானே படித்தேன். இரட்டையர் ஒரே குரலில் விடை சொன்னார்கள்.

ஜூன் 15

மகள் விழுந்த மறுநாளே மச்சான் வந்து கட்டிலருகே அழுதாராம். மனைவி சொன்னாள். அப்படியானால் அலமாரியை நகர்த்த என்ன கேடு என்று கேட்டேன்.

"நீங்க லெட்டர் எழுதாம இருந்திருந்தா எப்பவோ நகர்த்தியிருப்பாரு. அவருக்கும் உங்கள மாதிரியேதான் புத்தி."

இதைவிடக் கேவலமாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

அட்டையில் கடைசிக் குறிப்பை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: 'குட்டியை விட்டு நகர மாட்டேன்.' மற்ற குறிப்புகள் சரி. அவற்றில் கை வைக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

அச்சகத்தில் கொடுக்க இன்று திருத்திய தாள் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமையே எல்லாம் கொடுத்தாகிவிட்டது. புத்தகம் தலையணைக்கு அடியில் இல்லை. எதிர்வீட்டுக்குத் திரும்பிவிட்டதாம். மாமா இனிமே வர மாட்டாரா என்று மகள் என்னிடம் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

பதினோரு மணிக்குச் சட்டை மாட்டினேன். மேஜையிலிருந்து நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டேன். அதன் கால் தரையில் உரசிய சத்தத்துக்கு அவள் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்தால் மச்சான் முப்பத்தொரு ஜோடிக்கு நடுவில் எதையோ தேடுகிற மாதிரி நின்றிருந்தார். அலமாரியைச் சுற்றி, இடித்துக்கொள்ளாமல், படியிறங்கினேன். என் வீட்டுக் கதவைச் சாத்தவில்லை.

அச்சகத்து வாசல் கடையில் மூன்று டீ குடித்தேன். மூன்றும் மோசம். இரண்டரைக்குத்தான் வீடு திரும்பினேன்.