என்னைத் தெரியாத ஊர்

1957 ஜனவரி 9, புதன்

ஸ்ரீரங்கத்தில் நல்ல பனி. பாலத்தில் எதிரே வரும் சைக்கிள் தெரியவில்லை. காலையில் கட்சி ஆபீஸ். துறையூர்ப் பக்கம் தேர்தலில் யாரை நிறுத்துவது என்று பேச்சு. நானா, வக்கீலா? வக்கீல் மணிக்கணக்கில் பேசுவார். எனக்கு மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கட்சிக்குத் தடை இருந்த தலைமறைவுக் காலத்தில் பச்சைமலையில் துப்பாக்கியோடு படை நடத்தியவன் நான். அடிவாரத்து ஊர்தான் ஒளித்துவைத்துச் சோறு போட்டது. "அங்க என்னைத் தெரியாத ஆளே கிடையாது" என்று மேஜையைத் தட்டிவிட்டேன். செயலாளர் நேரில் போய் விசாரிக்கிறாராம். விசாரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கமலா: "எம்.எல்.ஏ. ஆனாலும் கத்தரிக்காய் வாங்கப் போவீங்கல்ல?" போவேன் என்றேன். முதல் தேர்தல் வாக்குறுதி.

ஜன. 11, வெள்ளி

பல்வலி. கிராம்பு வைத்தேன். செயலாளர் கோபமாகத் திரும்பி வந்தார்.

"தோழர், உங்களை அங்க ஒருத்தருக்கும் தெரியலைங்க."

போட்டோவைக் காட்டினாராம். எங்களுக்குக் களி கிண்டிப் போட்ட பொன்னம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிய இந்தப் பக்கம் பார்த்ததே இல்லீங்க" என்றாளாம். அவள் புருஷன் செல்லமுத்து மோர் கொடுத்து உபசரித்து, பஸ்ஸுக்கு எதிர்த்திசையில் வழிகாட்டி அனுப்பியிருக்கிறான்.

எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கு நான் போட்ட உத்தரவு அது: யார் கேட்டாலும் என்னைத் தெரியாது. ஜெயிலிலிருந்து வந்ததும் கட்சி பொன்மலைத் தொழிற்சங்கத்தில் போட்டுவிட்டது. உத்தரவை ரத்துசெய்ய யாரும் போகவில்லை.

செயலாளர் நம்பவில்லை. "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா போவோம். ஒரே ஒருத்தர் தெரியும்னு சொல்லட்டும். இல்லைன்னா வக்கீல்தான்."

பெருமை போய்ப் பயம். எனக்கு இந்த டிக்கெட் வேண்டும். அந்த ஊருக்கு ரோடு வாங்கித் தராமல் செத்தால் கட்டை வேகாது.

ஜன. 13, ஞாயிறு. போகி

துறையூர் வரை பஸ், பிறகு நடை. ஊரே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. பொன்னம்மா முன்னால் போய் நின்று, "சௌக்கியமா?" என்றேன்.

"யாருங்க நீங்க?"

மூஞ்சிக்கு நேராக. கண்கூட இமைக்கவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய கிராப்பு, காக்கிப் பை, விறைப்பான நடை. அப்போதுதான் உறைத்தது. இவரைப் போலீஸ் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குச் சோறு போட்டவர்களை அடையாளம் காட்ட என்னைப் பிடித்து வந்திருக்கிறாராம்.

"உத்தரவு ரத்து. இவர் நம்ம ஆளு" என்று கத்தினேன். யார் நம்புவார்கள்? அடித்துச் சொல்ல வைப்பார்கள், என் வாயால் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அதற்குள் செல்லமுத்துவும் நாலு பேரும் செயலாளரை அலாக்காகத் தூக்கி மாட்டுக்கொட்டகையில் போட்டுப் படலைச் சாத்திவிட்டார்கள். செல்லமுத்து என் காதருகே, "ஓடிருங்கண்ணே. இவர நாங்க பார்த்துக்கிறோம்."

உள்ளேயிருந்து செயலாளர்: "தோழர், டிக்கெட் உங்களுக்குத்தாங்க. கதவைத் திறக்கச் சொல்லுங்க."

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை. அந்த மலையில் நான் ஒருநாளும் சத்தமாகச் சிரித்ததில்லை. பொன்னம்மா சுண்ணாம்புக் கையோடு வந்து என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நெசமாவே வுட்டுட்டாங்களா உங்கள?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எழுந்து படலைத் திறக்கப் போனேன்.