துணி தீர்ந்துபோன பேண்ட்

அளவெடுக்கும்போதெல்லாம் என் மானத்தை வாங்கிய அன்பு மச்சான் மாணிக்கத்துக்கு,

மேலே எப்படிப் போகிறது தையல் வேலை? அங்கே எல்லோரும் வேட்டிதான் என்றால் உன் பாடு பேஜார்தான். இங்கே நான் இளைத்திருக்கிறேன். சிரிக்காதே, நிஜமாகத்தான்.

தாம்பரம் மார்க்கெட்டில் காலமெல்லாம் அரிசி நிறுத்துக் கொடுத்தவன் நான். "ஊருக்குக் கொறச்சுப் போட்டதெல்லாம் உன் இடுப்புலதான்டா கீது!" என்று உன் கடையில் கூட்டமிருக்கும் நேரமாகப் பார்த்துக் கத்துவாய். சண்டை போட வாயைத் திறப்பேன். கையில் டீயைக் கொடுத்துவிடுவாய்.

என் மகள் ரிசப்ஷனுக்கு நீ தைத்த பழுப்பு பேண்ட் ஞாபகமிருக்கிறதா? நான் பெருப்பேன் என்று முன்கூட்டியே முடிவுகட்டி, உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தாய். அப்புறம் ஒருமுறை பிரித்துப் பெரிசாக்கினாய். இன்னொரு முறையும். அன்றைக்குக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "துணி தீந்துபோச்சு மச்சான். இனிமே நீதான் கொறையணும்."

அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். குறையச் சொன்னது என்னைத்தானே? நீ எதற்குக் குறைந்தாய்?

அப்புறம்தான் என் முட்டி மக்கர் பண்ணியது. "முட்டி இன்னா பாவம் பண்ணுச்சு பெரியவரே?" என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் சேலையூர் ஏரிப் பக்கம் நடை. சோறு கொஞ்சம், காய் நிறைய. பஜ்ஜியை விடவில்லை. கடைக்கு நடந்தே போய், ஒன்றைத் தின்றுவிட்டு, மிச்சத்தை என் வீட்டுக்காரி சரோஜாவுக்குக் கொண்டுவருகிறேன். இப்போது அவள் ஜாக்கெட்டில்தான் துணி போதவில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

மாசத்துக்கு ஒரு கிலோகூட இறங்கவில்லை. "அரிசில கல்லு பொறுக்கற மாதிரி கொறையறியே" என்கிறாள். ஆனால் நிற்காமல் குறைந்தேன். முன்னெல்லாம் என்னைப் பார்த்தாலே, "ரெண்டு சீட்டு துட்டு குடு" என்பான் ஷேர் ஆட்டோக்காரன். இப்போது, "தாத்தா, தள்ளிக் குந்து, இன்னோர் ஆளு ஏறட்டும்" என்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காகவே வேலையில்லாமல் ஆட்டோவில் போய் வருகிறேன்.

வந்தது பார் ஒரு வினை. திருநீர்மலையில் சரோஜாவின் தம்பி மகனுக்குக் கல்யாணம். வரிசைத் தட்டு தூக்க ஆள் போதவில்லை என்று தேங்காய்த் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மேளம் முன்னால் போகிறது. உன் பேண்ட் பின்னால் இறங்குகிறது. தட்டைக் கீழே வைக்கக் கூடாது. கையையும் எடுக்க முடியாது. தொடை இரண்டையும் இறுக்கிக்கொண்டு வாத்து மாதிரி நடந்தேன்.

"ஏன்யா இப்டி நடக்கற?" என்றாள் சரோஜா.

"பக்தி."

"பக்தி முட்டி வரைக்கும் வந்துடுச்சு. புடி!"

நான் எங்கே பிடிப்பது? அவள்தான் பிடித்தாள். மண்டபம் வரைக்கும், அத்தனை சனம் பார்க்க, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

மறுநாளே, "டைலராண்ட குடுத்து டைட் பண்ணிக்கோ" என்றாள். மாட்டேன் என்றேன். உன் தையலில் இன்னொருத்தன் பிளேடு வைப்பதா? சணல் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் உன் மகள் செல்வி, எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு உன் கடையைத் திறந்தாள். வழியில் என் கயிற்றைப் பார்த்துவிட்டு, கையோடு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பிரிக்காதம்மா. உங்கப்பன் தையல் அது."

"பிரிக்காம எப்டி மாமா புடிக்கறது? கயித்தோடயேவா என் கல்யாணத்துக்கு வரப்போற?"

ஆமாம் மச்சான். தை மாசம் உன் பெண்ணுக்குக் கல்யாணம். பையனுக்கு ஊர் படப்பை. நல்லவன். உன்னை மாதிரியே ஒல்லி.

பேண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம், "இங்க பாரு மாமா" என்றாள். பின்பக்கம், துணியில் பொடிப்பொடியாக ஊசி ஓட்டைகள், வரிசையாக. ஒரு கோடு. அதற்கு உள்ளே தள்ளி இன்னொரு கோடு.

"இது அப்பா ரெண்டாவதா பிரிச்ச தையல். இது மொத மொத போட்டது. தடம் அப்டியே கீது. நான் புதுசா ஒண்ணும் தைக்கப் போறதில்ல. அப்பா கோட்டு மேலயே போறேன்."

என் பின்னால் நடந்த ஊரே பார்த்த கோடு. எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

மெஷினில் உட்கார்ந்தாள். நீ இரண்டாவதாகப் பிரித்த கோட்டில், உன் ஓட்டைகளுக்குள்ளேயே ஊசி இறங்கியது. போட்டுப் பார்த்தேன். கயிறு வேண்டாம். "மூச்சு விடு மாமா" என்றாள். விட்டேன். பேண்ட் அப்படியே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தையக்காரப் பொண்ணே, கூலி இன்னா?" என்றேன். "அந்த மொதக் கோட்டுக்கு வா. அப்பால கேக்கறேன்" என்றாள். வாய் அப்படியே உன் வாய்.

அவளுக்குத் தாய்மாமன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தட்டு தூக்கப் போவது நான்தான். அன்றைக்கு உன் முதல் கோட்டில் நிற்பேன். கயிறில்லாமல், பெல்ட்டில்லாமல், இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு, நேராக நடந்து வருவேன். இது சத்தியம். அவசரப்படாமல், இதுவரை குறைந்த மாதிரியே குறைவேன். உன்னிடம் வந்து சேர்வதும் அதே வேகத்தில்தான், சொல்லிவிட்டேன். டேப்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திரு.

இடுப்பு குறைந்தும் வாய் குறையாத,
ரத்தத்தால் அல்லாமல் நூலால் உனக்கு மச்சானான
கோதண்டம்