இழை இல்லாத ரோஸெட்

03.02.2025
ரோஸெட் நெபுலா – ரோஜா வடிவில் இருக்கும் வானத்து வாயு மேகம் – படம் முடிந்தது. பாலசமுத்திரத்து வயலில் நான்கு இரவுகள். மூன்று நிமிடப் படங்கள் இருநூற்றிருபது. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, நிறம் ஏற்றி, கூர்மைக்காக ஒரு ஏஐ மென்பொருளிலும் போட்டேன். நடுவிலிருந்து மெல்லிய இழை ஒன்று வளைந்து வருகிறது. எங்கள் வானியல் குழுவில் இப்படி ஒன்றை யாரும் எடுத்ததில்லை. தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது.

06.02.2025
திருப்பதி அறிவியல் கண்காட்சியை நடத்தும் திலீப் அண்ணா கூப்பிட்டார். என் படத்தை வாசலில் ஆறடிக்கு வைக்கப் போகிறார்களாம். நகரிக்குப் போன் போட்டு நைனாவிடம் சொன்னேன், படத்தையும் அனுப்பினேன். அவருடைய தறிச் சத்தத்தில் மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது.

09.02.2025
குழு கூடியது. பிரமிளா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"இந்த இழை உன் அசல்ல இருக்குதா சாய்?"
"இல்லாம எங்கிருந்து வரும்?"
"நானும் ரெண்டு வருஷமா இதையே எடுத்துக்கினு கீறேன். ஒரு தடவ கூட வரல."
"உன் டெலஸ்கோப் சின்னது."
"சரிங்க, பெரிய டெலஸ்கோப்காரரே. பாதி பாதியா அடுக்கிப் பாத்துட்டு சொல்லு."
பொறாமை. வேறென்ன? நிறம் ஏற்றினேன்தான் – மங்கலாக விழுந்த சிவப்பைத் தூக்கிக் காட்டினேன். அந்த ஒளி கேமராவில் விழுந்தது. அது பொய்யா?

10.02.2025
அவள் வாயை அடைக்கத்தான் செய்தேன். ஒற்றைப்படைப் படங்கள் நூற்றுப்பத்து ஒரு அடுக்கு, இரட்டைப்படை இன்னொரு அடுக்கு. வானத்தில் இருப்பது இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். மென்பொருள் இல்லாமல் பார்த்தேன் – இரண்டிலும் இழை இல்லை. மென்பொருளில் போட்டேன் – ஒன்றில் இடப்பக்கம் வளைகிறது, இன்னொன்றில் வலப்பக்கம்.

படத்துல இருந்த வெறும் குப்பைப் புள்ளிகளைப் பாத்து மென்பொருள் அதுவா கோடு இழுத்துக்கினு கீது. ஒரு வாரமா அதைப் பாத்து பல்லிளிச்சிக்கினு இருந்தேனே. நானெல்லாம் இன்ஜினியர்.

11.02.2025
திலீப் அண்ணாவிடம் சொன்னேன்.
"அந்தச் சின்ன கோடு யாருக்குப்பா தெரியப்போவுது? பர்வாலேது, பரவால்ல வுடு."
"எனக்குத் தெரியும்ணா."
இழை இல்லாத படத்தைப் பார்த்துவிட்டு, "இது வாசலுக்குப் பத்தாது" என்றார். உள்ளே, மூன்றாம் வரிசை. சரி என்றேன்.

12.02.2025
பிரமிளாவுக்கு அனுப்பினேன்: "இழை பொய்." பதில்: "தெரியும். நீயே சொல்லுவன்னும் தெரியும்." திமிர்.

28.02.2025
கண்காட்சி. வாசலில் வேறொருவர் எடுத்த நிலா. நன்றாகவே இருக்கிறது. என் படத்தின் கீழே நானே எழுதிய சீட்டு: 'நிறம் கூட்டப்பட்டது. உருவம் எதுவும் சேர்க்கப்படவில்லை.'

நைனா நகரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். "இன்னாடா, போன்ல அனுப்புனது இன்னும் சோக்கா இருந்துச்சே?"
"அதுல ஒரு கோடு பொய் நைனா. எடுத்துட்டேன்."
"இதுல?"
"இதுல கீறது எல்லாம் மேல கீது."
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் போனில் கூப்பிட்டார், தறிக்கூடத்தில் பேசுகிற அதே குரலில்: "கொஞ்சம் மங்கலாத்தான் கீது. ஆனா அத்தனையும் மேல கீதாம். நம்ம பையன் எடுத்தது."
அரங்கமே திரும்பிப் பார்த்தது. மெதுவாகப் பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை.