பின் அறைக் கட்டில்

நெய்வேலி
ஞாயிறு மாலை

அன்புள்ள செங்குட்டுவன்,

அன்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "இவ்வளவு நாளா ஏம்மா அடக்கி வெச்சிருந்த?" பக்கத்தில் உங்கள் அம்மா நின்றிருந்தார். எங்கள் வீட்டில் பகல் முழுக்க யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், கக்கூஸுக்கு அவருடைய கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அங்கே சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

போனில் பேசலாமே என்பீர்கள். இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து பேச இருக்கும் ஒரே இடம் கக்கூஸ், வழக்கே அதற்குத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ராஜஸ்தான் சுரங்கத்து வெயிலில் உங்கள் ட்யூட்டிக்குப் போய்விடுவீர்கள். தாளில் இருந்தால் முழுவதும் படித்தாக வேண்டும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அத்தை சட்டத்தைச் சொல்லிவிட்டார். "மாமா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கிக்கினு இருப்பாரு. பொழுது சாயற வரைக்கும் பின் ரூமு பக்கம் போவாத. தண்ணி சத்தம் கேட்டா முழிச்சிக்குவாரு. தூக்கம் கெட்டுப் போயி மெசின்ல ஒக்காந்தா உசுருக்கே ஆபத்து." அப்போது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாமா சுரங்கத்தில் ஓட்டுவது சாதாரண வண்டி இல்லையே.

ஆனால் மாமாவுக்கு நைட் இல்லாத வாரம் உங்கள் தம்பி ஜெயகணேஷுக்கு நைட். அந்தக் கட்டில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் எனக்கு வரும் நேரத்தில் ஷிப்டுக்குப் போகிறவர் உள்ளே இருப்பார். அவர் வெளியே வந்தால் ஷிப்ட் முடித்து வந்தவர் உள்ளே போவார். பிறகு பின் அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். குளிக்கும் அறை தனியாக இருப்பதால் ஒன்றுக்குப் போவதற்குச் சிரமம் இல்லை. மற்றதற்குப் பகலில் வழி கிடையாது. பொழுது சாய்ந்து போய் உட்கார்ந்தால் வராது.

அப்புறம் எனக்கு நாள் தள்ளிப் போனது. வயிறு உப்பியது, சோற்றைக் கண்டாலே குமட்டியது. அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தானாகவே முடிவு செய்துகொண்டார். வடலூர் சந்தையிலிருந்து மாங்காய் வந்தது. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி அக்கா கன்னத்தைக் கிள்ளினார். நீங்களும் போனில், "என்ன, விசேஷமாமே?" என்று சிரித்தீர்கள். வயிற்றில் பாரம் இருந்தது உண்மைதான் என்பதால் நானும் பேசாமல் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனை இல்லை என்றது. ஸ்கேனிலும் கர்ப்பம் இல்லை. மற்ற எதையும் பார்க்கவிடாமல் வாயு மறைத்தது. அதனால்தான் எக்ஸ்ரே. டாக்டரம்மா பேனா முனையைப் படத்தில் வைத்து, வலது இடுப்பிலிருந்து மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்கினார். பெருங்குடல் நெடுக மலம். புள்ளி புள்ளியாக, இம்மி இடம் விடாமல். குடல் கூப்பிடும்போதெல்லாம் போகாமல் இருந்தால், நாளாவட்டத்தில் அது கூப்பிடுவதையே நிறுத்திவிடும் என்றார். சரியாகச் சாப்பிடாததால்தான் நாளும் தள்ளிப் போயிருக்கும் என்றார்.

எத்தனையோ நாவல்கள் படித்திருக்கிறேன். காதலுக்காக உருகிச் செத்தவர்கள் அவற்றில் உண்டு. ஒருத்திகூடக் கக்கூஸுக்குப் போனதில்லை. அந்தப் படத்தில் என் உடம்பைப் பார்த்தபோது வெட்கப்படத் தோன்றவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

வெட்கமெல்லாம் அத்தைக்குத்தான். பஸ்ஸில் வரும்போதே, "யாருகிட்டயும் வாயத் தொறக்காத. கிட்னில கல்லுன்னு சொல்லிடலாம்" என்றார். மறுநாளே புஷ்பவல்லி அக்கா வாழைத்தண்டோடு வந்து, கல் எத்தனை எம்எம் என்று விசாரித்தார். "கல்லு இல்லக்கா, மலம். பகல்ல கக்கூஸ் போக முடியல, அதான்" என்றேன். வாழைத்தண்டு அதற்கும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு அக்கா வேகமாகக் கிளம்பிவிட்டார்.

"மானத்த வாங்கிட்டியேடி! முப்பது வருசமா நான் இந்த வூட்டுல இருக்கல? எனக்கு மட்டும் வயிறு இல்லியா?" என்று அத்தை கத்தினார். கத்தினார் என்றால், குசுகுசுவென்றுதான். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தையின் தலைமாட்டில் எப்போதும் மலம் இளகக் கடுக்காய்ப் பொடி டப்பா இருக்கும். உங்களுக்குத் தெரியுமா?

மருந்து சாப்பிட்ட மறுநாள் முற்பகலில் வயிறு கூப்பிட்டது. அத்தை கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனேன். மாமாவின் கட்டிலைத் தாண்டி, தகரக் கதவைத் திறந்து, வேலையை முடித்து, ஃப்ளஷை இழுத்தேன். வீடு அதிர்ந்தது. மாமா எழுந்து உட்கார்ந்து, "யாரு அது?" என்றார். "நான்தான் மாமா. கக்கூஸ் போனேன்" என்றேன்.

லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, "அப்ப பகல்ல நீங்கல்லாம் எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கதவோரம் நின்ற அத்தை சமையலறைக்குப் போய்விட்டார்.

மாமாவின் தூக்கம் முக்கியம். அதனால்தான் கட்டிலை முன் ஹாலுக்கு மாற்றச் சொல்கிறேன். "வர்றவங்க போறவங்க முன்னால ஆம்பள லுங்கியோட படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறார் அத்தை. "அண்ணி, டி.வி. எங்க பாக்கறது?" என்கிறார் ஜெயகணேஷ். "ஒங்க அத்தைய கேட்டுக்கம்மா" என்று மாமா திரும்பிப் படுத்துவிட்டார்.

உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. மாற்றலாகி வந்தால் நீங்களும் அந்தக் கட்டிலில் பகல் தூக்கம் போடப்போகிறவர்தான். கட்டில் நகராவிட்டால் நான் சேத்தியாத்தோப்புக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். நீங்கள் வந்து கூப்பிட்டாலும், கட்டில் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். அத்தைக்குப் போன் போடுங்கள். கட்டில் பேச்சை எடுக்க வேண்டாம். வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவரிடம் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். எதையும் அடக்காமல் நன்றாக இருங்கள்.

உங்கள்
வளர்மதி

பி.கு.: உறையை ஒட்டாமல் சில நாள் வைத்திருந்தேன். புதன்கிழமை நானே கட்டிலை இழுத்து வந்து ஹாலில் போட்டேன். மாமா ஷிப்ட் முடிந்து வந்து, நேராக அதில் படுத்தார். அத்தை அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இன்று மத்தியானம் நான் சமையலறையில் இருந்தபோது தகரக் கதவு திறந்தது, பிறகு ஃப்ளஷ் சத்தம் கேட்டது. போய்விட்டு வந்தது அத்தை. மாமா விழிக்கவில்லை.