சாப்பாட்டு மேசையில் பேஸ்போல்

சனிக்கிழமை இரவு, லண்டன் குட்மேய்ஸ்.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மாமா மகன் இன்று சாப்பிட்டபடியே பாடம் நடத்தினான். "உலகப் போருக்குப் பிறகு கறுப்பரையும் வெள்ளையரையும் பேஸ்போல்தான் ஒண்டாக்கினது, மச்சான். நீங்கள் இன்னும் ஸ்ரீலங்கா கிரிக்கெட்டில தோக்கவேணும் எண்டு நேந்துகொண்டிருக்கிறியள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைதானத்தில் ஒரு கறுப்பு ஆட்டக்காரனுக்குக் கைதட்டிய வெள்ளையர்கள் அவனைத் தங்கள் ஹோட்டலில் தங்க விட்டார்களா என்று கத்தினேன்.

என் மனைவியின் தம்பியை ஸ்ரீலங்கா ஆமி பிடித்துக்கொண்டு போனது. இன்றுவரை தகவல் இல்லை. அது இவனுக்கும் தெரியும். அவள் மெதுவாகச் சொன்னாள்: "என்ர தம்பியும் ஸ்ரீலங்கா டீமுக்குத்தான் கைதட்டினவன்."

"பாத்தியளே, அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றான் மடையன். சொதி இன்னும் கொஞ்சம் விடச் சொல்லித் தட்டை நீட்டினான்.

அவளும் அள்ளி விட்டாள். எனக்கு இப்போது அவள் மேலும் கோபம்.