இடது பட்டன்

12 ஜூலை, சனி

புழுக்கம். மழை வருவது போல வந்து அம்பத்தூரை ஏமாற்றிவிட்டுப் போனது. கெமிஸ்ட்ரி படிக்கவில்லை. அப்பா கம்பெனிக்குக் கூட்டிப் போய்விட்டார். நாங்கள் சீட் கிளிப் அடித்துக் கொடுக்கும் கார் கம்பெனியிலிருந்து திங்கட்கிழமை ஆடிட். பாதுகாப்பு வாசகங்கள் எழுத என் கையெழுத்துதான் வேண்டுமாம். "நாளைக்கு எல்லாம் உன்னுதுதானே, நீயே எழுது" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

எழுதியவை:
கையுறை அணிவோம்.
தரையில் எண்ணெய் சிந்தாதே.
உன் கைகளை நம்பி ஒரு வீடு இருக்கிறது (என் சொந்த வாசகம்).

ஒட்டப் போனபோது கவனித்தேன். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே சமயம் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். அப்போது எந்தக் கையும் உள்ளே இருக்காது. ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் இடது பட்டனை அழுத்தி சைக்கிள் டியூப் துண்டு இறுகக் கட்டியிருந்தது. சூப்பர்வைசர் மணி அண்ணனிடம் கேட்டேன்.

"ரெண்டு கையும் பட்டன்ல கீதுன்னா பீசை எவன் வெப்பான் பாப்பா? ஆடிட்டுக்கு அவுத்துருவோம்."

அவிழ்த்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

14 ஜூலை, திங்கள்

ஆடிட் பாஸ். என் வாசகத்தை போட்டோ எடுத்தார்களாம். கெமி. டெஸ்ட் 31/50, வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாலை கம்பெனிக்குப் போனால் டியூப்கள் திரும்பவும் பட்டன் மேல். அப்பாவிடம் சொன்னேன். அவருக்குத் தெரியும். எப்போதுமே தெரியும். "நீ போய்ப் படி" என்றார்.

16 ஜூலை, புதன்

சுமதி அக்கா. மூன்றாம் நம்பர் மெஷின். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருபவர். என்னைக் கண்டால் "மொதலாளி வந்துட்டாங்கடி" என்று எழுந்து நிற்பது போல நடிப்பார்.

நான் போவதற்குள் மெஷினைத் துடைத்து, எல்லா டியூபையும் அவிழ்த்து மணி அண்ணன் டிராயரில் போட்டிருந்தார்கள். அதில் என்ன சுறுசுறுப்பு. சாப்பிடவில்லை.

17 ஜூலை, வியாழன்

எழுதவே அருவருப்பு. இருந்தாலும் எழுதுகிறேன்.

சுமதி அக்கா கையெழுத்துப் போட ஒரு கடிதம் வேண்டுமாம். டியூபைத் தானே கட்டியதாக, அவரே சொல்வது போல. மணி எழுதினால் போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்குமாம். என் தமிழ் நன்றாக இருக்குமாம். "கம்பெனியை மூடினா நாப்பது குடும்பம்மா" என்றார் அப்பா. எழுதினேன். மூன்று தடவை திருத்தினேன். 'என் கவனக்குறைவால்' என்பதை 'அவசரத்தில்' என்று மாற்றினேன், இயல்பாக இருக்கட்டும் என்று. அப்படியெல்லாம் யோசித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு நானும். சுமதி அக்கா இரண்டு முறை படித்தார்.

"நானே பேசற மாறி கீது பாப்பா."

கிண்டல் இல்லை. நிஜமாகவே பாராட்டினார். கையெழுத்துப் போட்டார்.

19 ஜூலை, சனி

விபத்தை விசாரிக்கத் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வந்தார். அப்பாவின் அறை. "இப்பவே பழகட்டும்" என்று அப்பாதான் என்னையும் உட்காரவைத்தார். அதிகாரி கடிதத்தைப் படித்தார். தெளிவாக இருக்கிறதே, அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றார் அப்பா.

"இல்ல சார். நான் எழுதினேன். டியூபை அவங்க கட்டல. எல்லா மெஷின்லயும் கட்டியிருந்தது. அன்னிக்கே அவுத்து மணி அண்ணன் டிராயர்ல போட்டுட்டாங்க. வாங்க, காட்டறேன்."

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "நெறைய புக்கு படிக்கும் சார்."

அதிகாரியும் சிரித்தார். எழுந்திருக்கவில்லை. டீயை ஊதிக் குடித்தார்.

"கதவைச் சாத்தும்மா, ஏசி வெளிய போகுது."