பதினேழாம் பாட்டில்

ஒரு மாணவியின் ப்ராஜெக்ட் அறிக்கை மூன்று வாரமாக என் மேசையில் கிடக்கிறது. அவள் கொண்டுவந்து வைத்தபோது ஜெராக்ஸ் கடைச் சூடு கூட அதில் ஆறியிருக்கவில்லை. புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு அட்டவணையில் நின்றேன். பதினேழாவது வரிசையில் உன் ஊர்ப் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘காலனி கைப்பம்பு’. ஃபுளோரைடு பாதுகாப்பான அளவுக்குள் இருக்கிறது என்று போட்டிருந்தது.

“உங்க பேப்பர்ல இருந்துதான் மேடம் எடுத்தேன். போன்ல தேடினாலே அதுதான் வருது” என்றாள் அவள், என்னைச் சந்தோஷப்படுத்தும் எண்ணத்தோடு. நான் அறிக்கையை மூடி வைத்தேன்.

நீ அன்றைக்கே சொன்னாய். “எழுதின நம்பரு சும்மா கெடக்காதுடி. எங்கியாவது போயி நிக்கும்.” பயமுறுத்தப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மே மாதம் உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் ஒரே கைடிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். என் ஸ்கூட்டியின் முன்பக்கம் தெர்மோகோல் பெட்டி, அதில் வெள்ளை பாட்டில்கள். பின்னால் நீ, மடியில் நோட்டு. மானாம்பதியிலிருந்து பெருநகர் வரை கிணறு கிணறாகப் போவோம். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பதில் நீ ராட்சசி. நான் இரண்டோடு நிறுத்தினால் பிடுங்கிக்கொள்வாய். மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுவோம். என் அம்மா உனக்குப் போட்டது வாழை இலை, எனக்கு எவர்சில்வர் தட்டு. விருந்தாளி என்பதால்தான் இலை என்று நான் என்னையே நம்பவைத்திருந்தேன். நீ சாப்பிட்டுவிட்டு, இலையை நீயே எடுத்துப் போடுவாய்.

நான்கு வருடத்தில் உன் வீட்டுக்கு நான் ஒரு முறையும் வந்ததில்லை. நீ கூப்பிட்டாய், இரண்டு முறை. அப்புறம் கூப்பிடவில்லை.

உன் ஊர் முறை வந்த அன்று உனக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். ஊர்க் கிணற்றில் பதினாறாம் பாட்டிலை நிரப்பினேன். காலனிக்கு ஏரிக்கரை தாண்டிப் போக வேண்டும். வழி கேட்டபோது அங்கே நின்ற பெரியவர், “அங்க எதுக்கும்மா நீ போற? எல்லாம் ஒரே தண்ணிதான்” என்றார். நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அப்படிச் சொன்னார். மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். வெயில் மேல் பழியைப் போட்டுக்கொண்டு, பதினேழாம் பாட்டிலையும் அதே கிணற்றில் நிரப்பினேன். மார்க்கரால் ‘காலனி’ என்று எழுதியதும் இந்தக் கைதான்.

காய்ச்சல் விட்டு வந்த நீ, லேபில் ஃபுளோரைடு மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

“இன்னாடி இது, பதினாறும் பதினேழும் புள்ளி பெசகாம ஒண்ணாவே கீது?”

“ஒரே பூமிதானே.”

மறுநாள் உங்கள் காலனிக் கைப்பம்பிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தாய். மீட்டர் காட்டிய அளவு அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. உன் கையாலேயே லேப் ரெஜிஸ்டரில் எழுதினாய், நேராகக் கைடிடம் போனாய். இரண்டு பேப்பர் வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்பது அன்றைக்கு நமக்கு விதி. கைடு கண்டுபிடித்திருந்த ஆய்வுப் பத்திரிகையோ பத்தே நாளில் போட்டுவிடும், யாரும் படித்துப் பார்க்கிற தொல்லை கிடையாது. “பேப்பர்ல டேபிள் போட்டாச்சும்மா. வரிசையா எடுத்த சாம்பிள்தான் கணக்கு. இது தனியா எடுத்தது, சேராது” என்றார் அவர்.

நீ என் பக்கம் திரும்பினாய். “நீ சொல்லுடி. எங்க பைப்புலதான் புடிச்சியா?”

“ஆமா” என்றேன்.

ஒரே ஒரு சொல். என் டாக்டர் பட்டம், என் வேலை, என் பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த ‘முனைவர்’ எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

நீ கத்தவில்லை. “அப்ப எம்பேர எடுத்துடுங்க சார்” என்றாய். உன் பெயர் இருந்த இடத்தில் கைடுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் பெயர் வந்தது. அந்த மனிதர் நம் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கக்கூட மாட்டார். அதற்குப் பிறகு உன் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட கைடுக்கு நேரமே கிடைக்கவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது. நான் உதவிப் பேராசிரியர் ஆனேன். நீ காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொரு கல்லூரி என்று கெஸ்ட் லெக்சரராக ஓடினாய். அந்த இரண்டு கல்லூரிக்கும் நடுவில், அவசரத்தில், ஒரு லாரியின் பின்சக்கரத்தில் போய்ச் சேர்ந்தாய்.

சாவுக்கும் நான் வரவில்லை. கல்லூரிக்கு அன்றைக்குத் தர ஆய்வுக்குழு வந்திருந்தது. குழு வராமலிருந்தாலும் வேறு ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன்.

எங்கள் கல்லூரி இப்போது நான்கு கிராமங்களைத் தத்தெடுத்திருக்கிறது. அதில் ஒன்றுக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் வைக்கப் போகிறார்கள். எந்த ஊருக்கு என்பதை இந்த மாணவியின் அறிக்கைதான் சொல்லப்போகிறது. அறிக்கை உன் ஊரை முதலிலேயே தள்ளிவிட்டது, என்னை மேற்கோள் காட்டி.

அறிக்கை வந்த வாரச் சனிக்கிழமை நான் ஏரிக்கரையைத் தாண்டினேன். கரையிலிருந்து உன் வீடு ஐந்து நிமிஷ நடை. அவ்வளவுதான், ஐந்தே நிமிஷம்.

உன் அம்மாவுக்கு என்னைத் தெரிந்திருந்தது. நீ சொல்லியிருக்கிறாய், நல்லபடியாகவே சொல்லியிருக்கிறாய். “உள்ள வா கண்ணு, குந்து. வெயில்ல வந்துகினு கீற” என்று ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், வாய்க்குப் போகவில்லை. பாதுகாப்பானது என்று உலகத்துக்கே எழுதிக்கொடுத்தவள் ஒரு சொம்புக்குத் தயங்கினேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பெண் குழந்தைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பற்களில் பழுப்புக் கோடுகள், ஃபுளோரைடு போட்ட கோடுகள். தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தேன்.

கையோடு கொண்டுபோனது உன் பாட்டில். அன்றைக்கு நீ லேபில் என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனது. எறிய மனம் வராமல் வீடு மாறும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். கைப்பம்பில் மூன்று முறை அலசிப் பிடித்தேன். கல்லூரி மீட்டர் நீ அன்று எழுதியதைவிடச் சற்று கூடுதலாகவே காட்டியது.

பேப்பரைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதினேன். மெயில் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பத்திரிகையே இப்போது இல்லை, அதன் இணைய முகவரியில் யாரோ செருப்பு விற்கிறார்கள். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வதற்குக்கூட ஆள் இல்லை. ஆனால் அந்த எண் மட்டும் சாகவில்லை. தேடிப் பார்த்தேன். நான் கேள்விப்பட்டிராத ஊர்களில், நான் பார்த்திராதவர்களின் பேப்பர்களில் பதினேழாம் வரிசை உட்கார்ந்திருக்கிறது. அவர்களைப் படித்து எழுதியவர்களிடமும் இருக்கிறது.

கைடுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது வேறொரு இடத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். “பழசையெல்லாம் எதுக்கும்மா கெளர்றே? அடுத்த மாசம் உனக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ. அந்த பேப்பரும் லிஸ்ட்ல இருக்கு” என்றார். மிரட்டுகிற குரலே இல்லை, அக்கறையாகத்தான் பேசினார்.

நடந்ததை எல்லாம் ஒரு கடிதமாக எழுதி, புதிய அளவையும் சேர்த்து, எங்கள் முதல்வரிடம் கொடுத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் மெஷின் உன் ஊருக்கு வந்துவிடும் என்று குழந்தை மாதிரி நம்பியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அன்னைக்கு எழுதுனது பொய்ன்றீங்க. இன்னைக்கு எழுதுறது நிஜம்னு நான் எதை வச்சு நம்பறது?”

கைடின் லேப் ரெஜிஸ்டரில் நீ எழுதிய வரி இருக்கும் என்றேன். விசாரித்தால், பழைய ரெஜிஸ்டர்களைக் கட்டிடம் மாறும்போது எடைக்குப் போட்டுவிட்டார்களாம். என்மேல் விசாரணைக்குழு உட்காரப் போகிறது. அது முடியும்வரை உன் ஊரில் மறுபடி அளப்பதுமில்லை, அதைப் பற்றிப் பேசுவதுமில்லை என்று முடிவாகிவிட்டது. மெஷின் வேறொரு ஊருக்குப் போகிறது.

முந்தாநாள் மறுபடி உன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொன்னேன், ‘ஆமா’ என்று நான் சொன்னது வரைக்கும். திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றுதான். “அந்தப் பேப்பர்ல எம்பொண்ணு பேரு கீதா?”

“இல்லம்மா. எடுத்துடச் சொல்லிட்டா.”

“அப்ப செரி” என்றார். எழுந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கைப்பம்புக்குப் போனார். சமையலுக்குத் தண்ணீர் வேண்டும், அந்தப் பக்கம் வேறு தண்ணீர் கிடையாது.

உன் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வேலை இருந்தாலும் போனாலும் மாதா மாதம் அதில் பிடித்து எழுதி வைப்பேன், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும். எங்கே தண்ணீர் குடித்தாலும் உன் அம்மா பம்படிக்கும் சத்தம் கேட்கிறது.